வீட்டுக்கு வந்து நாய் பழக்குபவர்: வேலை சுத்தம், நேரம்தான் மோசம்

ஈரோட்டில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்களின் சேலைக் கொசுவத்துக்குள் எங்கள் நாய் மணி மூக்கை நுழைத்துவிடுவான். சின்னப் பெண்கள் சிரித்துக்கொண்டே விலகுவார்கள். கல்யாண பிளவுஸ் தைக்க வரும் பெரியம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். அதற்காகத்தான் ஒரு டிரெய்னரை வரச்சொன்னேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து மணி என்றால் பன்னிரண்டுக்கு வருவார். வந்ததும் கழுத்துப்பட்டை, ஷாம்பு என்று தலையில் கட்டப் பார்ப்பார். நான் வாங்கவில்லை.

ஆனால் மனுஷனுக்கு விஷயம் தெரிகிறது. "குறும்பு பண்ணலைங்க்கா, ஆளை விசாரிக்கிறான்" என்றார். அக்குளிலும் தொடையிடுக்கிலும் இருக்கும் ஒருவகை வியர்வைச் சுரப்பிகளின் வாசம் நாய்க்கு நிறையச் சொல்லுமாம். அக்குள் எட்டாது, எட்டுகிற இடத்தில் மோந்து பார்க்கிறது. மாதவிலக்கின்போதும் பிள்ளை பெற்ற புதிதிலும் இன்னும் விடாமல் மோக்கும் என்றார். போன மாதம் கைக்குழந்தையோடு வந்த பெண்ணை மணி சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் அதுதான் போல.

அப்புறம் ஒன்று செய்து காட்டினார். நான் துணியில் கோடு போடும் சாக்பீஸைச் சுரண்டிப் பொடியைத் தரையில் தூவி, நடுவில் ஒரு கருவாட்டுத் துணுக்கு வைத்தார். மணி மோந்தபோது பொடி முன்பக்கம் பறக்கவில்லை, இரண்டு பக்கமும் ஒதுங்கியது. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. மூச்சு அந்த வழியாக வெளியேறுவதால் எதிரே இருக்கும் வாசம் கலையாது. நொடிக்கு ஐந்து தடவை வரை இழுக்குமாம். இதைப் பார்த்ததற்கே பாதிக் காசு தகும்.

மோப்பத்தை அதட்டி நிறுத்தக் கூடாது, இடத்தை மாற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆள் வந்ததும் மணி பாயில் உட்கார வேண்டும். வந்தவர் பக்கவாட்டில் நின்று கையைச் சும்மா தொங்கவிட வேண்டும்; முகத்துக்கு நேரே நீட்டக் கூடாது. மோந்ததும் "போதும்", ஒரு துண்டு சிக்கன். உடம்பு விறைத்து, வெறித்துப் பார்த்தபடி மோந்தால் மட்டும் மணியை உடனே நம் பக்கம் கூப்பிட்டுவிடச் சொன்னார். அது நட்பு இல்லையாம்.

இப்போது பெரும்பாலும் கையோடு நிறுத்திக்கொள்கிறான். மீன் வாங்கிய கையோடு நேரே வருகிறவர்களிடம் மட்டும் எந்தப் பாடமும் செல்லாது.

ஐந்துக்கு மூன்றரை தரலாம். கூப்பிடுவதானால் முன்பணம் வேண்டாம், வேலை முடிந்ததும் கொடுங்கள்.