தச்சு வேலையில் பேட்டரி மெஷின்கள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கோவையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் சமையலறை அலமாரி, வார்ட்ரோப், கதவு, ஃபால்ஸ் சீலிங் போன்ற வீட்டு உள்வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து வருகிறேன். என்னிடமும் என்னோடு வேலை செய்பவர்களிடமும் இருக்கும் 18 வோல்ட் பேட்டரி மெஷின்கள் (வயர் இல்லாத டிரில், ரம்பம் போன்றவை) பல ஆண்டுகளாக நாள்தோறும் உழைத்தவை. வாங்கிய புதிதில் எல்லா மெஷினும் நன்றாகவே ஓடும். இரண்டு மூன்று கோடை கழிந்த பிறகுதான் எது நிலைக்கும், எது கைவிடும் என்பது தெரியவரும். அந்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

பேட்டரி மெஷினின் அருமை முதலில் தெரிவது புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில்தான். உள்வேலை தொடங்கும் நேரத்தில் பல வீடுகளுக்குத் தனி மீட்டர் வந்திருக்காது. கட்டடக்காரர் ஏதாவது ஒரு தளத்தில் பொது இணைப்பிலிருந்து ஒரு பிளக் பாயின்ட் கொடுத்திருப்பார். டைல்ஸ் ஒட்டுபவர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், தச்சர் என எல்லோரும் அதிலிருந்துதான் ஜங்ஷன் பாக்ஸ் இழுத்தாக வேண்டும். மெல்லிய வயரில் இரண்டு தளம் ஏறி வரும் மின்சாரத்தில், பக்கத்தில் டைல்ஸ் கட்டர் ஓடும்போதெல்லாம் வோல்டேஜ் இறங்கி நம் டிரில் திணறும். வயர் மிதிபடும், ஈரத் தரையில் கிடக்கும், தோல் உரிந்த இடத்தில் யாரோ டேப் சுற்றி வைத்திருப்பார்கள். ஏணிமேல் நின்று சீலிங் சேனலுக்குத் திருகு முடுக்கும் ஆளுக்கு, கீழே யாராவது அந்த வயரில் கால் தடுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தொல்லைகள் அத்தனையும் பேட்டரி டிரில் வந்ததும் ஒரேயடியாகத் தீர்ந்தன. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும், முந்தைய இரவே பேட்டரிகளை ஏற்றி வைத்திருந்தால் பொருத்தும் வேலை தடைபடுவதில்லை. அறுக்கும் வேலையை மட்டும் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

டிரில் டிரைவர், இம்பாக்ட் டிரைவர் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் வேலை வேறு. இம்பாக்ட் டிரைவரில் சுமை கூடும்போது உள்ளிருக்கும் சுத்தி சுழற்சித் திசையிலேயே அடித்தடித்துத் திருகை இறக்குகிறது. அதனால் எதிர்முறுக்கு மணிக்கட்டுக்கு அவ்வளவாக வருவதில்லை. தேக்குக் கதவு நிலையில் நீளமான திருகை ஒரே கையால் ஏற்றிவிடலாம். ஆனால் அதே மெஷினை, மரநார், மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையிலோ பார்ட்டிகிள் போர்டிலோ கீல் பொருத்தப் பயன்படுத்தினால், கண் இமைக்கும் நேரத்தில் 16 மி.மீ. திருகு பிடிமானத்தை அரித்துவிட்டு வெறுமனே சுற்றத் தொடங்கும். அங்கே, முறுக்கு அளவு மீறினால் சுழற்சியை விடுவிக்கும் கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்த டிரில் டிரைவர்தான் சரி. இம்பாக்ட் டிரைவரின் இரைச்சலும் அதிகம். மூடிய அறையில் நாள் முழுவதும் அதை ஓட்டுபவர் காதுக்கு அடைப்பு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டுமே வாங்க முடியும் என்பவருக்கு டிரில் டிரைவரையே சொல்வேன். துளை போடவும் திருகு முடுக்கவும் அது போதும்.

அறுக்கும் வேலைக்கும் தேய்க்கும் வேலைக்கும் வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் அடங்கியிருக்கும் ஆற்றல் 90 வாட்-மணி, அதாவது 90 வாட் சுமையை ஒரு மணி நேரம் தாங்கும் அளவு. நம் தச்சர்கள் பிளைவுட் அறுக்கவும் எடுத்துக்கொள்ளும் 4 அங்குல மார்பிள் கட்டர் 1,200 வாட் அளவில் மின்சாரம் இழுக்கக்கூடியது. அந்தச் சுமையை 90 வாட்-மணி தாங்கும் நேரம் 5 நிமிடம்கூட இல்லை. கார்பன் பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் வீணாகும் ஆற்றல் குறைவு என்பதும், அறுக்கும்போது எல்லா நேரமும் முழுச்சுமை இருப்பதில்லை என்பதும் உண்மைதான் என்றாலும், 8-க்கு 4 அடி பிளைவுட் தாள்களை வரிசையாக நீளவாக்கில் கிழிக்க வேண்டிய நாளில் பேட்டரி ரம்பத்தை நம்பி வேலையைத் தொடங்க முடியாது. திருகு முடுக்குவது வேறு விதம்: ஒன்றுக்கு இரண்டு மூன்று விநாடி, பிறகு கை அடுத்த இடத்துக்கு நகரும்வரை மெஷினுக்கு ஓய்வு. குறைந்த ஆற்றலில் நெடுநேரம் ஓடுவதற்கு அந்த இடைவெளிதான் காரணம். ஆகவே என் பட்டறையில் கட்டர், கிரைண்டர், பிளேனர் ஆகியவை இன்றும் வயர் மெஷின்களே. கதவின் அடிப்பகுதியைச் சற்றுக் குறைப்பது, மைக்கா ஓரத்தைச் சீர்செய்வது போன்ற, வேலை நடக்கும் இடத்துச் சில்லறை வேலைகளுக்கு மட்டும் பேட்டரி ரம்பமும் டிரிம்மரும் கைகொடுக்கின்றன.

கான்கிரீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செங்கல் சுவரிலும் ஏ.ஏ.சி. பிளாக்கிலும் (எடை குறைந்த கான்கிரீட் கல்) 6, 8 மி.மீ. துளை போட ஹாமர் வசதியுள்ள பேட்டரி டிரில் போதும். கான்கிரீட் தூணிலோ பீமிலோ அதை வைத்து அழுத்தினால் பிட் முனை மழுங்கிப் பேட்டரி சூடாவதுதான் மிச்சம். அங்கே, பிட்டைச் செருகிப் பூட்டி, சுழன்றபடியே பலமாக இடிக்கும் எஸ்.டி.எஸ். வகை ரோட்டரி ஹாமர் வேண்டும். அதிலும் பேட்டரி மெஷின்கள் உண்டு; சீலிங்குக்கு ஆங்கர் துளை போட நன்றாகவே உதவுகின்றன. உடைத்தெடுக்கும் வேலையை அவற்றிடம் கொடுப்பதில்லை.

நம் ஊர் வெயிலில் பேட்டரி படும் பாட்டை விளம்பரத் தாள் எதுவும் சொல்வதில்லை. லித்தியம்-அயான் செல்களுக்குச் சூடு பகை. கடுமையாக ஓட்டிய பேட்டரியைக் கழற்றி உடனே சார்ஜரில் மாட்டினால், நல்ல சார்ஜர் அதை ஏற்றாமல், சூடு தணியும்வரை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். மார்கழியில் இந்தக் காத்திருப்பு நமக்குத் தெரியாமலே கழிந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில், காற்றோட்டமில்லாத அறையில், வேலையே நின்றுபோகும் அளவுக்கு நீளும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேட்டரி என்ற கணக்கு கோடையில் போதாமல் போவது இதனால்தான். எங்களுக்கு மூன்றாவது தேவைப்பட்டது. கிட்டோடு கொடுக்கப்படும் சிறிய சார்ஜர் 5 ஆம்பியர்-மணி பேட்டரியை நிரப்ப 2 மணி நேரம்போல எடுத்துக்கொள்ளும். விரைவு சார்ஜர் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க யோசிக்க வேண்டாம். பைக் பெட்டியிலும் வெயிலில் நிறுத்திய வண்டியிலும் பேட்டரியை விட்டுவைக்காமல் இருப்பது அதன் ஆயுளைக் கூட்டும். சில வாரங்கள் வேலை இல்லையென்றால், முழுதாக ஏற்றியோ முழுதாகத் தீர்த்தோ வைக்காமல் பாதியளவில் வைப்பது நல்லது.

விலையைப் பார்த்தாலே தெரியும், நாம் உண்மையில் வாங்குவது பேட்டரியைத்தான். அசல் 5 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் விலையில் நல்ல வயர் டிரில் ஒன்றை வாங்கிவிடலாம். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் பொருந்தாது என்பதால், முதல் மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்து வாங்கப்போகும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். மகிடா 2005-இல் கொண்டுவந்த 18 வோல்ட் லித்தியம் வரிசை இன்றும் தொடர்கிறது. அப்படி நெடுங்காலம் மாறாத வரிசையாகப் பார்த்து, சொந்த ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்றும் விசாரித்து வாங்குவது, நூறு இருநூறு ரூபாய் தள்ளுபடியைவிட முக்கியம்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பேட்டரிகளில் 48 விஎஃப், 88 விஎஃப் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கும் வோல்டேஜுக்கும் தொடர்பில்லை. 3.6 வோல்ட் செல்கள் ஐந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்கப்படுவதும் அதே ஐந்து செல்தான், முழுதாக ஏற்றிய நிலையின் அளவைச் சொல்கிறார்கள். எடையும் ஓரளவு உண்மையைச் சொல்லிவிடும். பரவலாக உள்ள 18650 வகைச் செல் ஒன்று ஏறத்தாழ 45 கிராம். அவ்வகைச் செல்லில் 5 ஆம்பியர்-மணி வேண்டுமானால் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்துச் செல் தேவை. செல் மட்டுமே 450 கிராம் வர வேண்டும். கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் பேட்டரியில் 6 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடலாம். இந்த எடை தலைக்குமேல் செய்யும் வேலையில் தோளைப் பிடிக்கும் என்பதால், சீலிங் வேலைக்கு 2 ஆம்பியர்-மணி பேட்டரியையே மாட்டுகிறோம்.

பழுது விஷயத்தில் பழைய வயர் மெஷினை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் ஹார்ட்வேர் கடையில் சில ரூபாய்க்கு வாங்கி நாமே மாற்றிவிடலாம். பிரஷ்லெஸ் மெஷினில் தேய பிரஷ் இல்லை. ஆனால் உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டும், அதன் செலவைக் கேட்டதும் புது மெஷின் வாங்கிவிடலாமா என்று தோன்றும். பேட்டரியிலும் ஒரு செல் சோர்ந்தாலே பாதுகாப்புச் சுற்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். செல் மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன என்றாலும், அதிக மின்னோட்டம் தாங்காத பவர் பேங்க் செல்களைப் போட்டுக் கொடுத்தால் மெஷின் இழுக்கும்போது அவை கொதிக்கும்.

செத்த பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் பழக்கம் தொழிலாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அங்கே நசுங்கினால் அது தீப்பிடிக்கக்கூடும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடித் தனிப் பெட்டியில் சேர்த்துவைத்து, மெஷினை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அங்கேயே ஒப்படைத்து வருகிறோம்.