அகிம்சைப் பட்டு வாங்குகிறீர்களா? ஜரிகையைப் பாருங்கள்

மாமியாருக்காக ஈரோட்டில் ஒரு கடையில், புழுவைக் கொல்லாமல் எடுப்பதாகச் சொல்லும் அகிம்சைப் பட்டுச் சேலை எடுத்தேன். விலை 9,400 ரூபாய். அத்தை வள்ளலார் வழிக்கு வந்த நாளிலிருந்து பட்டைத் தொட்டதில்லை. பேத்தி கல்யாணம் வந்ததும் அவருக்கும் சின்னதாக ஓர் ஆசை.

சேலை நன்றாகவே இருக்கிறது. மஞ்சள் உடல், அரக்குக் கரை. சரசரப்பு கிடையாது, பளபளப்பும் கம்மி. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பிறகு, அறுந்த இழையைப் பஞ்சு மாதிரி நூற்பதால் அங்கங்கே திப்பி தட்டும். அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். கொசுவம் அழகாகப் படிகிறது.

"ஒரு புழு கூடச் சாகாதுங்க அக்கா" என்றார் கடைப் பையன். வெளியே வந்த பூச்சி எங்கே போகும் என்றேன். "பறந்து போயிருமுங்க."

நான் கோபிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவள். அந்தப் பூச்சிக்குப் பறக்கவே வராது, தின்னவும் தின்னாது. இருந்த இடத்திலேயே 400 முட்டை வரை இட்டுவிட்டுச் சில நாளில் செத்துப்போகும். அத்தனையும் பொரித்தால் மல்பெரித் தழைக்கு எங்கே போவது? எங்கள் புழுக் கொட்டகைக்குள் குளிக்காமல் நுழைய அம்மா விடமாட்டார், செருப்பும் ஆகாது. அப்படி 25 நாள் கோயில் மாதிரி பார்த்துக்கொண்டு, கூட்டை விற்றால் சூடு காட்டிப் புழுவைக் கொல்வார்கள். அரைக் கிலோ சேலைக்கு 2,000 கூட்டுக்குக் குறையாது. அதைத்தான் மடி என்று பூஜைக்குக் கட்டுகிறோம்.

விஜயமங்கலம் சமணக் கோயில் எங்களுக்குக் கிட்டத்தில்தான். அகிம்சையில் சமணத்தை மிஞ்ச ஆளில்லை. உழவிலும் அடுப்படியிலும் உயிர் போவதைக் குடும்பஸ்தர் முழுக்கத் தவிர்க்க முடியாது என்று அவர்களே ஒத்துக்கொண்டு, இல்லறத்தாருக்கு அணுவிரதம் என்ற சின்ன நோன்பு, துறவிக்கு மகாவிரதம் என்ற பெரிய நோன்பு என்று பிரித்துவிட்டார்கள். திகம்பரத் துறவி துணியே உடுத்துவதில்லை. கணக்குப் பார்த்தால் அதுதான் அப்பழுக்கற்ற அகிம்சை உடை. அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஜரிகை ஞாபகம் வந்தது. ஒரிஜினல் ஜரிகை என்று பெருமையாகச் சொல்லி விற்றிருந்தார்கள். அசல் ஜரிகைக்குள் ஓடுவது சிவப்புச் சாயம் போட்ட பட்டு இழை. அதன்மேல்தான் வெள்ளியைச் சுற்றி முலாம் பூசுவார்கள். முந்தானை ஓரத்தில் ஓர் இழையை உருவி, தகட்டை நகத்தால் சுரண்டிவிட்டு, நெருப்பில் காட்டினேன். பாலியஸ்டராக இருந்தால் உருகி உருண்டிருக்கும். இது முடி பொசுங்கிய நாற்றம் அடித்து, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. பஞ்சு மாதிரி நூற்றால் அவ்வளவு மெல்லிசு வராது. கொதிநீரில் போட்ட கூட்டிலிருந்து இழுத்ததுதான்.

கடைக்குப் போன் போட்டேன். "ஜரிகை வெளியே வாங்கறதுங்க" என்றார்கள். இழை உருவிய சேலையை மாற்றித் தரமாட்டார்களாம்.

அதே கடையில் ஜரிகை இல்லாமல் நூல் கரை போட்டது 7,000 சொச்சத்துக்கு இருக்கிறது, நிறம்தான் மூன்றே மூன்று. எடுப்பதானால் அதை எடுங்கள்.

அத்தை சேலையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "கரையைப் பிரிச்சுட்டு ரவிக்கைக்கு வெச்சுக்க கண்ணு" என்று என்னிடமே கொடுத்துவிட்டு, பீரோவில் நெகமம் காட்டனைத் தேடப் போய்விட்டார்.