பெரெண்ட்சனா, நோசே-ஹூவரா, வி-ரீஸ்கேலா? என் ஓட்டு மூன்றாவதுக்கு

மூலக்கூறுகளின் நகர்வைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் என் சிமுலேஷன்களில், வெப்பநிலையை இலக்கில் வைத்திருக்க (தெர்மோஸ்டாட்) இப்போது வி-ரீஸ்கேல் முறை, அழுத்தத்தை வைத்திருக்க (பாரோஸ்டாட்) சி-ரீஸ்கேல் முறை. அமைப்பை முதலில் நிலைப்படுத்தும் ஈக்விலிப்ரேஷனுக்கும் அதுதான், தரவு எடுக்கும் ப்ரொடக்‌ஷன் ரன்னுக்கும் அதுதான். பெரெண்ட்சன், நோசே-ஹூவர், லாஞ்செவின் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன்.

சராசரியை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க முடியாது. 300 கெல்வின் கேட்டால் எல்லாமே 300ஐத் தந்துவிடும். வித்தியாசமெல்லாம் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

பிணைப்பு நீளமும் கோணமும் மாறாத 1000 நீர் மூலக்கூறுகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொள்வோம். சுதந்திர இயக்கக் கூறுகள் (மூலக்கூறுகள் தனித்தனியாக நகர, சுழலக்கூடிய வழிகள்) ஏறத்தாழ 6000. 2ஐ அதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வெப்பநிலை ஏற்ற இறக்கத்தின் விகிதம் கிடைக்கும்: 0.018. அதாவது 300 கெல்வினில் வெப்பநிலையின் திட்ட விலக்கம் சுமார் 5.5 கெல்வின் இருந்தே ஆகவேண்டும். பெரெண்ட்சனில் (1984) கப்ளிங்கை, அதாவது வெப்பநிலையை இலக்குக்கு இழுக்கும் பிடியை, இறுக்கிவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்: கோடு அலுங்காமல் படுத்துக் கிடக்கும். அந்த அழகுதான் கோளாறு. ஆற்றலின் ஏற்ற இறக்கத்திலிருந்து வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிடுகிறவருக்கு விடை தப்பாகவே வரும். போதாக்குறைக்கு, நீண்ட ஓட்டத்தில் அதிர்வுகளின் ஆற்றல் கசிந்து ஒட்டுமொத்த நகர்வில் போய்ச் சேரும் ‘பறக்கும் பனிக்கட்டி’ தொல்லையும் உண்டு.

வி-ரீஸ்கேலுக்காக 2007இல் புஸ்ஸி, டொனாடியோ, பாரினெல்லோ மூவரும் செய்தது சின்ன வேலைதான். பெரெண்ட்சன் சமன்பாட்டோடு ஒரு ராண்டம் உறுப்பைச் சேர்த்தார்கள். இயக்க ஆற்றல் சரியான பரவலுக்கு வந்துவிட்டது; கப்ளிங் நேரத்தை 0.1 பைக்கோ செகண்ட் வைத்தாலும் 1 வைத்தாலும் அந்தப் பரவல் மாறாது. எல்லாத் திசைவேகங்களையும் ஒரே காரணியால் பெருக்குவதால் விரவல் குணகமும் (மூலக்கூறுகள் பரவும் வேகத்தின் அளவு) பெரிதாகக் கெடுவதில்லை. லாஞ்செவினில் ஒவ்வோர் அணுவுக்கும் தனித்தனி உராய்வு, தனித்தனி உதை. உராய்வைக் கூட்டினால் விரவல் மந்தமாகிவிடும். நீர் மூலக்கூறுகளையே வைக்காமல் அவற்றின் விளைவை மட்டும் கணக்கில் எடுக்கும் மறைமுகக் கரைப்பான் மாதிரி என்றால் மட்டும் நானும் லாஞ்செவின் பக்கம்தான்.

நோசே-ஹூவர் கணக்குப்படி சரியானது. ஆனால் இலக்கிலிருந்து தள்ளி ஆரம்பித்தால் ஊஞ்சலாடும். ஒற்றைச் சீரிசை அலையியற்றி (ஸ்பிரிங்கில் ஆடும் ஒரே துகள்) போன்ற சிறு அமைப்பில் எல்லா நிலைகளையும் தொடாது. தெர்மோஸ்டாட்களை ஒன்றோடொன்று கோத்து 1992இல் வந்த சங்கிலி வடிவம்தான் அதைச் சரிசெய்தது. ஊஞ்சலாட்டத்தைத் தவிர்க்க முதலில் வேறொன்றில் ஓட்டிவிட்டு அப்புறம் நோசே-ஹூவருக்கு மாறுவது வழக்கம். அந்த மாற்றும் வேலையே வேண்டாம் என்றுதான் விட்டேன்.

அழுத்தத்திலும் இதே கதை. அதே பெட்டியின் கனஅளவு 30 கன நானோமீட்டர். நீரின் அமுக்கத்திறன் ஒரு பாருக்கு 0.000045 என்றால் கனஅளவின் திட்ட விலக்கம் 0.24 கன நானோமீட்டர் வரவேண்டும். பெரெண்ட்சன் பாரோஸ்டாட் இதையும் அமுக்கிவிடும். 2020இல் பெர்னெட்டியும் புஸ்ஸியும் தந்த சி-ரீஸ்கேல், ஆடாமல் இலக்குக்கு வந்து, இந்த ஏற்ற இறக்கத்தையும் சரியாகத் தருகிறது. கணநேர அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் மேலும் கீழும் போவதைப் பார்த்துப் பயந்து கப்ளிங்கை இறுக்காதீர்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அது இயல்பு.

படிகத்தின் வடிவமே மாறும் சிமுலேஷன் என்றால் பாரினெல்லோ-ரஹ்மான் பாரோஸ்டாட் (1981) அதற்கென்றே பிறந்தது. நான் ஓட்டுவது பெரும்பாலும் திரவமும் புரதமும்தான். படிகத்தில் என் சிபாரிசைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.