ஸ்கையா, டிஎக்ஸா? ஒறம்பரைக் குழந்தைகள் வந்து போகும் வீட்டுக்கு எந்த மிஸ்டரி டஞ்சன்

போக்கிமான் மிஸ்டரி டஞ்சன் வீடியோ கேம் வரிசையில் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கோயமுத்தூர்ப் பக்கம் யார் கேட்டாலும், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கிறது. ஒன்று 2009இல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்கக் கருவிக்கு வந்த எக்ஸ்புளோரர்ஸ் ஆஃப் ஸ்கை. மற்றது 2020 மார்ச்சில் அதே கம்பெனியின் ஸ்விட்ச் கருவிக்கு வந்த ரெஸ்க்யூ டீம் டிஎக்ஸ். இரண்டையும் விளையாடியிருக்கிறேன். அக்கா பிள்ளைகளும் அவர்களுடைய பங்காளிப் பிள்ளைகளும் லீவுக்கு வந்து தங்கும் எங்கள் வீட்டுக்கு நான் வாங்கி வைத்தது டிஎக்ஸ். கதையை மட்டும் எடை போட்டால் ஸ்கைதான் மேல். அப்படியிருந்தும் டிஎக்ஸை ஏன் எடுத்தேன் என்பதுதான் இந்த அலசல்.

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். மனிதனாக இருந்த நீங்கள் ஒரு போக்கிமானாகக் கண் விழிக்கிறீர்கள். ஒரு துணை கிடைக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அணி ஆரம்பிக்கிறீர்கள். குகை, காடு, மலை என்று எங்கே நுழைந்தாலும் மாடிக்கு மாடி பாதை மாறிக்கொண்டே இருக்கும், நேற்றுப் பார்த்த வழி இன்று இருக்காது. நீங்கள் ஓரடி வைத்தால் எதிரியும் ஓரடி வைக்கும். நடக்க நடக்க வயிறு காலியாகும், ஆப்பிள் தின்றாக வேண்டும். உள்ளே விழுந்துவிட்டால் கையிலிருக்கும் பணம் போகும், பையிலிருந்தும் பொருள்கள் போகும். அதனால் கிளம்பும் முன் பணத்தை வங்கியிலும் நல்ல பொருள்களைக் கங்காஸ்கான் என்ற போக்கிமானின் கிடங்கிலும் போட்டுவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். இந்த ஆட்டமுறை போக்கிமானுக்காகப் பிறந்ததில்லை. ஜப்பானில் சுன்சாஃப்ட் 1993இல் தொடங்கிய மிஸ்டரி டஞ்சன் வரிசையின் ஒரு கிளைதான் இது.

முதலில் ஸ்கை. விக்லிடஃப் என்ற போக்கிமான் நடத்தும் கில்ட் என்ற சங்கத்தில் கத்துக்குட்டிகளாகச் சேர்ந்து, காலையில் எழுந்து வரிசையில் நின்று, அறிவிப்புப் பலகையில் வேலை பிடித்துப் போகும் அந்த அன்றாடமே மனசைக் கட்டிப்போடும். பிறகு டைம் கியர்கள் என்ற அரிய பொருள்கள் திருடு போகின்றன, குரோவைல் என்ற போக்கிமான் வருகிறான், கதை வேறு ஆழத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். முந்தைய டைம், டார்க்னெஸ் பதிப்புகளில் இல்லாத ஐந்து சிறப்புக் கதைகளும் இதில் உண்டு. கம்மி என்ற மிட்டாயைத் தின்று அறிவு கூடி, ஒவ்வொரு போக்கிமானும் புதுப் புதுத் திறமைகளைக் கற்பது ஸ்கையில் ஒரு தனிச் சுகம். டிஎக்ஸில் அந்த அறிவு அளவையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்.

டிஎக்ஸ் 2005இல் வந்த ரெட், புளூ ரெஸ்க்யூ டீம்களின் மறு ஆக்கம். படக்கதைப் புத்தகத்தைத் தூரிகையால் வரைந்தது போன்ற திரை. இரண்டிலுமே தமிழ் எழுத்து கிடையாது, நாங்கள் இங்கிலீஷில்தான் விளையாடுகிறோம். சின்னதுகளுக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து நம்ம ஊர்ப் பேச்சில் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஎக்ஸின் கதை அளவில் சின்னது, வசனமும் எளிது. வாசித்துச் சொல்பவருக்குத் தொண்டை வலிக்காது.

இனி எனக்கு முடிவைத் தீர்த்துக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வளர்த்த அணி எங்கே குடியிருக்கிறது?

ஸ்கையில் அணி கார்ட்ரிட்ஜுக்குள், அதாவது கருவியில் செருகும் ஆட்டத் துண்டுக்குள் குடியிருக்கிறது. அதுவும் ஒரே ஒரு சேமிப்பு. நோம்பிக்கு வந்த ஒறம்பரைப் பையன் புதிதாக ஆரம்பிக்க ஆசைப்பட்டால், ஏற்கெனவே இருக்கும் அணி அழிந்தால்தான் அவனுக்கு இடம். கார்ட்ரிட்ஜை ஈரோட்டில் இருக்கும் மாமன் மகனுக்கு இரவல் கொடுத்தால் கூடையோடு கோழியும் போன கதைதான். அவன் அதே அணியை வைத்து விளையாட வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். விற்றாலும் அப்படியே. மாதக்கணக்கில் வளர்த்த சிம்சாரும் ரியோலுவும் முகம் தெரியாதவர் கைக்குப் போய், அவர் பழைய சேமிப்பை அழிக்கும் நிமிஷத்தில் இல்லாமல் போகும்.

டிஎக்ஸில் கார்ட்ரிட்ஜ் என்பது ஆட்டம் மட்டும். சேமிப்பு ஸ்விட்ச்சின் உள் நினைவகத்தில், ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஒரு ஸ்விட்ச்சில் 8 கணக்குகள் வரை வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரே கார்ட்ரிட்ஜில் எட்டுப் பேருக்கு எட்டு அணி, ஒன்றையொன்று தொடாது. லீவு முடிந்து குழந்தைகள் பொள்ளாச்சிக்குக் கிளம்பும்போது கார்ட்ரிட்ஜைக் கையில் கொடுத்தனுப்பினாலும், அவர்கள் அணிகள் இங்கேயே பத்திரமாக இருக்கும். அடுத்த லீவில் வந்து, "மாமா, என்ற டீமு அப்படியே இருக்குதுங்களா?" என்று கேட்கும்போது, "இருக்குது கண்ணு, எடுத்துப் பாரு" என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. எனக்கு அது பெரிய விஷயம். குழந்தைகள் இந்த ஆட்டத்தில் நேரத்தைவிடப் பாசத்தைத்தான் அதிகம் போடுகிறார்கள். பெயர் வைப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

விற்பனையிலும் இதே கணக்குத்தான். டிஎக்ஸ் கார்ட்ரிட்ஜை இன்றைக்கு விற்றுவிட்டு, எப்போதாவது பழையதாக இன்னொன்று வாங்கிச் செருகினால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆட்டத்தை விற்பதும் அணியை இழப்பதும் இங்கே இரண்டு வேறு காரியங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஸ்விட்ச்சே பழுதாகிப் போனால் எட்டு அணிகளும் ஒரே அடியில் போகும் அபாயம் இருக்கிறது. ஸ்கையில் டிஎஸ் உடைந்தாலும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி வேறொரு டிஎஸ்ஸில், ஏன், அதற்கு அடுத்து வந்த 3டிஎஸ்ஸில் கூடப் போட்டு விளையாடலாம். ஸ்விட்ச் நன்றாக இருக்கும்போதே பயனரையும் சேமிப்பையும் இன்னொரு ஸ்விட்ச்சுக்கு மாற்ற வழி உண்டு. செத்த பிறகு அது நடக்காது. ஆனால் டிஎஸ் பக்கம் கருவிக்கே ஆயுள் குறைந்துகொண்டு வருகிறது. 3டிஎஸ் குடும்பத்தின் உற்பத்தியே 2020இல் நின்றுவிட்டது. டிஎஸ் லைட்டின் கீல் விரிசல் விடுவது ஊரறிந்த குறை. இப்போதைக்கு எங்கள் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடைகளில் ஸ்விட்ச்சின் கைப்பிடிக் குச்சியை (ஜாய்ஸ்டிக்கை) மாற்றித் தர ஆள் கிடைக்கிறார்கள், டிஎஸ் கீலுக்குக் கிடைப்பதில்லை. அந்தக் குச்சி தானாக நகர ஆரம்பித்தால் உடனே மாற்றிவிடுங்கள். நாம் ஓரடி, எதிரி ஓரடி என்று ஓடும் ஆட்டத்தில், வேண்டாமல் எடுத்து வைத்த ஓரடி, நம்மைத் தாக்க எதிரிக்கு இலவசமாக ஒரு வாய்ப்பைக் கொடுக்கும்.

டிஎக்ஸின் மற்ற நல்லதுகள் சிறியவை, ஆனால் குழந்தைகளுக்கு உதவுபவை. எல் பட்டனை அழுத்தினால் அணி தானாகவே படிக்கட்டைத் தேடி நடக்கும், எதிரி வந்தால் நிற்கும். தொடக்கத்துக் கேள்விகளுக்குப் பிறகு வரும் போக்கிமான் பிடிக்கவில்லையென்றால் 16இல் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கையில் கேள்விகள் சொன்னதுதான் முடிவு. உள்ளே விழுந்துவிட்டால், உங்களிடமே இருக்கும் வேறு போக்கிமான்களை அனுப்பி உங்கள் அணியை நீங்களே மீட்கலாம். ஸ்கையில் மீட்க வேண்டுமென்றால் ஆட்டம் வைத்திருக்கும் இன்னொருவர் வேண்டும், அவரிடம் நீளமான கடவுச்சொல்லைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இணையம் வழியாக உதவி கேட்கும் வசதி 2014 மே மாதத்தோடு போய்விட்டது. ஊரில் இந்த ஆட்டம் ஆடும் ஒரே வீடு உங்களுடையதாக இருந்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே உறைக்கும்.

டிஎக்ஸில் எனக்குப் பிடிக்காதது கூட்டம். மூவரோடு கிளம்பி, வழியில் சேர்பவர்களோடு எட்டுப் பேர் வரை போகலாம். குறுகலான பாதையில் எட்டுப் பேர் வால் பிடித்துப் போகும்போது பின்னால் இருப்பவர் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஸ்கையில் நால்வர்தான், அது கச்சிதம். புதிதாகச் சேர்பவருக்கு அவர் தங்குவதற்குரிய முகாமை வாங்கியிருக்க வேண்டும் என்ற டிஎக்ஸின் விதியும் குழந்தைகளை ஏமாற்றத்தில் விடுகிறது.

கடைசிக் கட்டத்துக் கடும் சோதனைகளை வைத்து இரண்டையும் ஒப்பிட என் அனுபவம் போதாது. ஸ்கையில் 99 மாடி டெஸ்டினி டவருக்குள் முதல் நிலையிலிருந்து, கையில் எதுவுமில்லாமல் போக வேண்டும். அதில் பாதிகூட நான் ஏறியதில்லை. டிஎக்ஸின் 99 மாடி பியூரிட்டி ஃபாரஸ்டுக்குள் நுழையவே இல்லை. அதற்காகவே வாங்குபவர்கள் அங்கே போய் வந்தவர்களைக் கேட்பது நல்லது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நிண்டெண்டோ ஆட்டங்கள் நம்மூரில் இறக்குமதிச் சரக்காகவோ பழையதாகவோதான் கைக்கு வருகின்றன. ஸ்கைக்குக் கிராக்கி அதிகம், போலியும் அதிகம். போலியில் சேமிப்பு நிற்காமல் போவது சகஜம். முன் ஒட்டியில் என்டிஆர் என்று தொடங்கும் குறியீடு இருக்கிறதா, அச்சு மங்கலாக இல்லையா என்று பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே போட்டு, சேமித்து, அணைத்து, மறுபடி திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே நல்ல நிலையில் ஒரு 3டிஎஸ் வைத்திருக்கிற, தனியாக விளையாடுகிற பெரியவர் என்றால் அசல் ஸ்கை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அந்தக் கதைக்கு அது தகும். பிள்ளைகள் வந்து போகிற வீடென்றால் டிஎக்ஸ். கார்ட்ரிட்ஜைச் செருகும் முன்பே ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பயனர் கணக்கு போட்டு, ஆளுக்கொரு படம் வைத்துவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் தன் படத்தைப் பார்த்துத் தன் அணியைத் திறந்துகொள்ளும்.