மருத்துவ பீடமா, மூன்று பாடச் சித்தியா?

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: உயர்தரத்தில் உயிரியல் பிரிவை எடுத்து மருத்துவ பீடத்தையே குறிவைப்பதா, அல்லது மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தால் போதும் என்று தொடங்குவதா?

எட்டக்கூடிய இலக்கின் நன்மை வெளிப்படையானது. பிள்ளை பயமின்றிப் படிக்கும், வீட்டிலும் நெருக்கடி குறையும். ஆனால் மூன்று எஸ், அதாவது மூன்று பாடங்களிலும் ஆகக் குறைந்த தரச் சித்தி, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் தரும். அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி, அதாவது மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படும் புள்ளி. சித்திக்காக மட்டும் படித்தவர் பெரும்பாலும் சித்தியோடு நின்றுவிடுவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

பெரிய இலக்குக்கு ஆய்வின் துணையும் உண்டு. "இயன்றதைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்பதை எட்வின் லொக், கரி லேதம் ஆகிய உளவியலாளர்கள் பல்லாண்டு ஆய்வுகளால் காட்டினார்கள். எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு அந்த இலக்கு லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், பேசப்படும் அளவுக்குத் தொலைவிலும் இல்லை. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்பட, எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அவற்றுள் அடங்கும்.

ஆயினும் அதே ஆய்வாளர்கள் நிபந்தனைகளையும் சொன்னார்கள்: ஆற்றல் வேண்டும், பற்றுறுதி வேண்டும், எங்கே நிற்கிறோம் என்பதை இடையிடையே அறியும் வழி வேண்டும். அடிப்படை அறிவே போதாத நிலையில், புள்ளியை இலக்காக வைப்பதைவிடக் கற்றலை இலக்காக வைப்பதே பயன் தரும் என்பதும் அவர்கள் வழிவந்த ஆய்வுகளின் முடிவு. விஞ்ஞானத்தில் தட்டுத்தடுமாறி சி எடுத்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத தோட்டப் பாடசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் நகரத்துக்குப் போய்வரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

பல தோட்டங்களில், நாளுக்குரிய கிலோவில் சிறிது குறைந்தாலும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். மழையில் நனைந்து பறித்த மீதிக் கொழுந்துக்குக் கணக்கில் இடமில்லை. பெரிய இலக்கை வைத்த பிள்ளைகள் தமக்குத் தாமே இப்படித்தான் அரைப்பேர் போட்டுக்கொள்கிறார்கள். முதல் தடவையில் வெட்டுப்புள்ளியை, அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியை, எட்டாத ஒரு மாணவன், இரசாயனவியலில் பி எடுத்திருந்தும், எல்லாம் போயிற்று என்று புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். இன்னும் இரண்டு தடவை தோற்றலாம் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை.

ஆகவே நான் மருத்துவ பீடத்தின் பக்கமே நிற்கிறேன்; ஆனால் அந்த இலக்கைச் சுவரில் எழுதி ஒட்டுவதோடு விடக்கூடாது. கொழுந்தை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நிறுக்கிறோம். படிப்பை ஏன் ஈராண்டு கழித்து ஒரே தடவை நிறுக்க வேண்டும்? "இந்த மாதத்துக்குள் இரசாயனவியலின் மூல் கணிப்புகளை விடையைப் பார்க்காமல் செய்வேன்" என்பது போன்ற கற்றல் இலக்கை வைத்து, வெள்ளிதோறும் ஆசிரியரிடம் கொப்பியைக் காட்ட வேண்டும். முதல் இரண்டு தவணைகளிலும் அந்தக் கொப்பி முன்னேறவில்லையென்றால், பிரிவை மாற்றுவதற்கு அப்போதும் காலம் இருக்கிறது.