கையால் வாசித்த ரோலா, கணக்குப் போட்டுத் துளைத்த ரோலா?

பிளேயர் பியானோ என்பது துளையிட்ட காகிதச் சுருளை (ரோல்) ஓடவிட்டால் தானே வாசிக்கும் பியானோ. ஆரம்பகால ஜாஸ் இசையை அந்த ரோலாக மாற்ற இரண்டு வழிகள். ஒன்று, கலைஞர் வாசிக்க வாசிக்க அவர் தொட்ட கட்டைகள் ஓடும் காகிதத்தில் கோடுகளாக விழும். அப்புறம் அந்தக் கோடுகளைத் துளைப்பார்கள். இன்னொன்று, அரேஞ்சர் (இசையை ரோலுக்கு ஏற்ப அமைப்பவர்) பியானோ பக்கமே போகாமல் ஒவ்வொரு துளையையும் அளந்து தானே குறிப்பது.

இடது கை கீழும் மேலும் தாவித் தாளம் போடும் ஸ்ட்ரைட் பியானோ பாணிக்கு முதல் வழிதான். 1921இல் கியூஆர்எஸ் என்ற ரோல் நிறுவனத்துக்காக ஸ்ட்ரைட் பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சன் வாசித்த 'கரோலினா ஷவுட்' ரோலையே பாருங்கள். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் அதை மெதுவாக ஓடவிட்டு, தானாக இறங்கும் கட்டைகளின் மேல் விரல் வைத்துத்தான் அந்த உருப்படியைக் கற்றார். அடிஸ்வரம், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) என்று மாறி மாறிப் போகும் இடது கை, திடீரென எட்டுத் தாளத் தட்டுகளை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைக்கும். அதற்கு மேல் வலது கை சற்று முந்தும், சற்றுப் பிந்தும். ரோலின் வேகத்தைக் குறிக்கும் டெம்போ 70 என்றால் நிமிடத்துக்கு 7 அடி காகிதம், அதாவது நொடிக்குச் சுமார் 35 மில்லிமீட்டர். ஒரு துளை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஸ்விங், அதாவது ஜாஸின் நெடில் குறில் ஆட்டம், மாறிவிடும். நெடிலுக்கு இரண்டு பங்கு, குறிலுக்கு ஒன்று என்று அளந்து குறித்தால் நொண்டியடிக்கும்.

ஆனால் கையால் வாசித்த ரோலையும் அப்படியே நம்ப முடியாது. தப்பு ஸ்வரங்களைத் திருத்துவார்கள், புதிய ஸ்வரங்களைச் சேர்ப்பார்கள். சாதாரண ரோலில் வாசித்தவரின் அழுத்தமும் பதிவாகாது. ரோலை ஓட்டப் பியானோவின் பெடலை மிதிப்பவர் காலில்தான் அது இருக்கிறது.

பேண்டு இசை என்றால் என் ஓட்டு அரேஞ்சருக்கு. 1923இல் கிங் ஆலிவர் என்ற ஜாஸ் கலைஞரின் குழுவில் இரண்டு கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி), ஒரு கிளாரினெட், ஒரு டிராம்போன். இத்தனை குரலுக்கு இரண்டு கை எப்படிப் போதும்? ரோலுக்கு 88 கட்டையும் உண்டு: கிளாரினெட்டை உச்சியில் ஓடவிடலாம், டிராம்போனின் சறுக்கலைக் கீழே படிப்படியாக இறக்கலாம். பியானோவில் நீண்ட ஸ்வரம் தேய்ந்துவிடும் என்பதால் அதையே படபடவென்று திருப்பி அடிக்க வைப்பது அரேஞ்சர்களின் பழைய உத்தி. இடம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிரப்பினால் கெட்டது. ஒரே நேரத்தில் நிறையத் துளைகள் திறந்தால் கட்டைகளை இயக்கும் காற்றுறிஞ்சல் குறைந்து, சில கட்டைகள் பேசாமலே போகும்.

இன்றைக்குக் கணினியில் ரோல் தயாரிப்பவர்களுக்கு ஒரு யோசனை: கார்னெட், கிளாரினெட் வரிகளைத் தனித்தனியாகக் கையால் வாசித்துப் பதியுங்கள். ஸ்வரங்களைச் சீரான தாளக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள்.