அந்தம் மரம்: சுங்கை சிப்புட்டில் ஒரு நுண்பயிற்றல் வகுப்பு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் உள்ள டியூஷன் நிலையத்தில், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் சனிக்கிழமைதோறும் பயிற்சி ஆசிரியர்களுக்கு நுண்பயிற்றல் வகுப்பு நடத்துகிறார். பருவ விடுமுறையில் நான்கு வாரங்கள் சென்று வந்தேன். கட்டணம் வாரத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்).

ஒருவர் ஆசிரியராக நின்று 15 நிமிடம் பாடம் நடத்த, உடன் பயில்வோர் மாணவர்களாக அமர்வதுதான் நுண்பயிற்றல். நான் படிக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் இது உண்டு. ஆனால், அங்கே நாங்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதற்காக, கேள்வி முடியும் முன்பே சரியான விடையைச் சொல்லிவிடுவோம். இந்த வகுப்பிலோ மாணவராக அமர்பவரின் கையில் ஆசிரியை ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்துவிடுகிறார்; அவர் செய்ய வேண்டிய பிழை அதில் எழுதப்பட்டிருக்கும். இந்த வகுப்பின் உயிரே அந்தச் சீட்டுதான்.

‘அந்த, இந்த, எந்த’ ஆகியவற்றின் பின் வலிமிகும் என்பது எனக்குக் கிடைத்த பாடம். பீடிகைக்குப் பாட்டு, கையில் வண்ண அட்டைகள், ‘அந்தக் குதிரை’, ‘இந்தப் பந்து’ என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. அப்போது தோழி ஒருத்தி ‘அந்தம் மரம்’ என்று எழுதி நீட்டினாள். க, ச, த, ப வருக்க எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு முன்புதான் ஒற்று மிகும் என்பதை நான் சொல்லவே இல்லை. என் அட்டைகளிலும் அவை தவிர வேறு சொல் கிடையாது. கணிதம் நடத்திய நண்பருக்கு வந்த ‘மாணவன்’ 52இல் 27ஐக் கழித்து 35 என்று எழுதினான். நண்பர் “தப்பு, திரும்பச் செய்” என்றதும் ஆசிரியை பாடத்தை நிறுத்தி, “அந்த 5 எப்படி வந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள், தம்பி” என்றார். மேலே இருக்கும் 2ஐக் கீழே இருக்கும் 7இலிருந்து கழித்திருக்கிறான் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்பயிற்றல் உருவானபோதே கற்பித்தல், கருத்துரை, மறுகற்பித்தல் என்ற சுழற்சி அதன் அடிப்படையாக இருந்தது. ‘அந்த மரம்’, ‘அந்த வீடு’, ‘அந்த யானை’ ஆகியவற்றைச் சேர்த்து அதே பாடத்தை மறுபடியும் நடத்தியபோது, விதியை நான் சொல்லும் முன்பே ‘மாணவர்கள்’ கண்டு சொன்னார்கள். வருத்தம் என்னவென்றால், பன்னிரண்டு பேரைச் சேர்த்திருப்பதால் நேரம் போதாமல், நான்கு வாரங்களில் இரண்டில் எனக்கு மறுகற்பித்தலே கிடைக்கவில்லை. மறுகற்பித்தல் இல்லையென்றால் குறையைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவதோடு சரி. பன்னிரண்டை எட்டாகக் குறைத்தே ஆக வேண்டும்.

கூட்டு வகுப்புக்கு இங்கே பயிற்சி இல்லாததும் பெரிய குறையே. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை 150ஐத் தாண்டுவதில்லை. மிகச் சிறிய பள்ளிகளில் இரு வேறு ஆண்டுகளின் மாணவர்களை ஒரே அறையில் வைத்துக் கூட்டு வகுப்பாக நடத்த வேண்டியிருக்கிறது. இருப்பவர்களில் பாதிப் பேரை ஆண்டு 2 ஆகவும் மீதிப் பேரை ஆண்டு 3 ஆகவும் அமர்த்தினாலே இந்தப் பயிற்சியைத் தந்துவிடலாம். ஆசிரியையிடம் இதைக் கேட்டிருக்கிறேன்.

செல்ல விரும்புவோர் காலையில் முதல் நான்கு பெயர்களுக்குள் பதிந்துகொள்ளுங்கள். மறுகற்பித்தலுக்கு நேரம் கிடைப்பது அவர்களுக்குத்தான்.